கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கிறதா? சி-பெப்டைட் பரிசோதனைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சர்க்கரை நோய்க்கு வழக்கமாகச் செய்யும் பரிசோதனைகள், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சொல்லும். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சராசரியாக எவ்வளவு என்பதெல்லாம் அவற்றில் தெரிந்துவிடும். ஏன் ஏறியது என்பதுதான் தெரியாது. கணையம் போதுமான இன்சுலினைச் சுரக்காததால் ஏறியதா? இல்லை, இன்சுலின் தாராளமாக இருந்தும் தசையும் கல்லீரலும் அதற்கு மசியாததால் ஏறியதா? இரண்டு பேருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரே மாதிரி 220 என்று வரலாம். அதில் ஒருவருக்கு இன்சுலின் ஊசி இல்லாமல் போனால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. மற்றவருக்கு மாத்திரையும் எடைக் குறைப்பும் போதுமானதாக இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகக் காட்டியவர் லண்டனில் பணியாற்றிய ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த். குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே நேரத்தில் கொடுத்து, யாருக்குச் சர்க்கரை இறங்குகிறது, யாருக்கு இறங்கவில்லை என்று பார்த்தார். இன்சுலினுக்குக் கட்டுப்படும் சர்க்கரை நோய், கட்டுப்படாத சர்க்கரை நோய் என்று இரண்டு வகை உண்டு என 1936-ல் எழுதினார். ரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் வழி அன்றைக்கு யாரிடமும் இல்லை. இன்று ஒரு குழாய் ரத்தத்திலேயே கணையத்தின் சுரப்பைக் கணக்கிட முடிகிறது. அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, இன்சுலினோடு சேர்ந்தே கணையத்திலிருந்து வரும் ஒரு துண்டை அளக்கும் சி-பெப்டைட் பரிசோதனை.

மருத்துவர்கள் இதை எல்லோருக்கும் எழுதுவதில்லை, எழுத வேண்டியதும் இல்லை. டைப் 2 (இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு மசியாத வகை) என்று சொல்லி மாத்திரை கொடுத்தும் சர்க்கரை அடங்காமல், ஒல்லியாகிக்கொண்டே போகும் ஒருவருக்கு எழுதுவார்கள். சின்ன வயதில் டைப் 1 (கணையமே இன்சுலினைச் சுரக்க முடியாமல் போகும் வகை) என்று முத்திரை குத்தப்பட்டு, மிகக் குறைந்த இன்சுலினிலேயே பல ஆண்டுகளாக நன்றாக இருப்பவருக்கு எழுதுவார்கள். இன்சுலின் ஊசியை நிறுத்திப் பார்க்கலாமா என்ற கேள்வி வரும்போதும், காரணம் தெரியாமல் சர்க்கரை அடிக்கடி இறங்கிப்போகும்போதும் இது தேவைப்படும். இந்தப் பரிசோதனையில் நோயின் வகையும் கணையத்தில் மிச்சமிருக்கும் திறனும்தான் தெரியும். நோய் எவ்வளவு முற்றிவிட்டது என்று சொல்லும் மதிப்பெண்ணாக இதைப் பார்க்க வேண்டாம். ரிப்போர்ட்டில் "குறைவு" என்ற அடையாளத்தைப் பார்த்ததுமே ஒடிந்துபோகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்சுலினையே அளந்தால் என்ன?

நியாயமான கேள்விதான். நியூயார்க்கில் ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடினைப் பயன்படுத்தி ரத்தத்தில் உள்ள மிகச் சிறிய அளவு இன்சுலினையும் அளக்கும் முறையை உருவாக்கி 1960 வாக்கில் வெளியிட்டார்கள். அதில் வந்த முடிவு பலரையும் திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் ரத்தத்தில் இன்சுலின் இல்லாமல் போகவில்லை. பலருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. ஹிம்ஸ்வொர்த் சொன்ன இரண்டாவது வகைக்கு அதோடு நேரடி அளவீடு கிடைத்தது. யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பெர்சன் 1972-லேயே இறந்துவிட்டதால் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை நேரடியாக அளப்பதில் பல சிக்கல்கள் உண்டு. ஊசி போட்டுக்கொள்பவரின் ரத்தத்தில் இருக்கும் இன்சுலினில் எது கணையம் தந்தது, எது ஊசி தந்தது என்று பிரிப்பது கடினம். இன்றைய மாற்றியமைக்கப்பட்ட இன்சுலின்களில் சிலவற்றைச் சில லேப் கருவிகள் பிடிக்கும், சிலவற்றைப் பிடிக்காது. பல காலம் ஊசி போட்டவர்களின் உடலில் இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகி அளவீட்டைக் குழப்பும். கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கேயே ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. மிச்சமும் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். போதாக்குறைக்கு, ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றிலிருந்து வெளியாகும் நொதி குழாயிலேயே இன்சுலினைச் சிதைத்துவிடும்.

இதற்கு வழி சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. டொனால்ட் ஸ்டைனர் 1967-ல், இன்சுலின் நேராக இன்சுலினாகவே உருவாவதில்லை, புரோஇன்சுலின் என்ற நீண்ட ஒற்றைச் சங்கிலியாக முதலில் உருவாகிறது என்று காட்டினார். அதில் 86 அமினோ அமிலங்கள். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் அந்தச் சங்கிலி வெட்டப்படும்போது, நான்கு அமினோ அமிலங்கள் கழன்றுபோக, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் ஒரு பக்கமும், 31 அமினோ அமிலங்கள் கொண்ட இணைப்புத் துண்டு மறுபக்கமும் பிரிகின்றன. அந்த இணைப்புத் துண்டுதான் சி-பெப்டைட். நெல்லைக் குத்தினால் அரிசியோடு உமியும் வருவதுபோல, ஒரு இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைட் என்ற கணக்கில் இரண்டும் சேர்ந்தே ரத்தத்துக்குள் வருகின்றன.

சி-பெப்டைடைக் கல்லீரல் அனேகமாகத் தொடுவதில்லை. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 20 முதல் 30 நிமிடம் வரை, அதாவது இன்சுலினைவிடப் பல மடங்கு. அதனால் அளவு சட்டென்று ஏறி இறங்காது. எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், மருந்தாக விற்கும் இன்சுலினில் சி-பெப்டைட் கிடையாது. நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் போட்டுக்கொண்டாலும், ரத்தத்தில் தெரியும் சி-பெப்டைட் முழுக்க முழுக்க உங்கள் கணையம் தந்தது.

வெறும் வயிற்றிலா, சாப்பிட்டுவிட்டா?

தயாரிப்பில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பலர் எந்த ரத்தப் பரிசோதனை என்றாலும் வெறும் வயிற்றில் போவதே சரி என்று நினைத்துவிடுகிறார்கள். சி-பெப்டைடைப் பொறுத்தவரை அப்படி இல்லை.

வெறும் வயிற்றில் எடுக்கச் சொன்னால் 8 முதல் 10 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் சாப்பிடாமல் காலையில் போக வேண்டும். பால், சர்க்கரை சேர்த்த பானம் எதுவும் கூடாது. இது கணையம் ஓய்வாக இருக்கும்போது எவ்வளவு சுரக்கிறது என்பதைக் காட்டும். டைப் 2-ல் இன்சுலினுக்கு உடல் எவ்வளவு மசியவில்லை என்று பார்க்க இது உதவும்.

கணையத்தில் திறன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அதற்கு வேலை கொடுத்துப் பார்ப்பதே நல்லது. ஆராய்ச்சிகளில் இதற்கு அடிப்படை அளவுகோலாக வைத்திருப்பது கலப்பு உணவுப் பரிசோதனை. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் கணக்காகக் கலந்த ஒரு திரவ உணவை உடல் எடையில் கிலோவுக்கு 6 மி.லி. வீதம், அதிகபட்சம் 360 மி.லி. வரை குடிக்கக் கொடுப்பார்கள். குடிப்பதற்கு முன்பும், அப்புறம் இரண்டு மணி நேரம் வரை இடைவெளி விட்டும் பலமுறை ரத்தம் எடுப்பார்கள். 90-வது நிமிட அளவை மட்டும் எடுப்பதும் உண்டு. காலையில் போதிய நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். நடுவில் எழுந்து நடமாடுவதும் வேறெதையாவது சாப்பிடுவதும் முடிவைக் கெடுக்கும்.

இன்னொரு முறையில், கணையத்தைச் சுரக்கத் தூண்டும் குளுக்ககான் என்ற ஹார்மோனை 1 மி.கி. அளவில் நரம்பு வழியாகச் செலுத்தி, சரியாக 6 நிமிடம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் குமட்டல் வரும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள்.

இவ்வளவு சிரமம் எல்லோருக்கும் தேவையில்லை என்பது நல்ல செய்தி. சாப்பிட்ட 5 மணி நேரத்துக்குள் எடுக்கும் ஒரு சாதாரண ரத்த மாதிரியே, அதே நேரத்தில் எடுத்த குளுக்கோஸ் அளவும் சேர்ந்திருந்தால், நோயின் வகையைப் பிரிக்கப் போதும் என்று அமெரிக்க, ஐரோப்பிய சர்க்கரை நோய்ச் சங்கங்கள் 2021-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. சிறுநீரில் சி-பெப்டைடுக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் வழியும் உண்டு. ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளுக்கு அது வசதி.

எனவே லேபுக்குப் போகும் முன் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? கூடவே குளுக்கோஸும் எழுதியிருக்கிறீர்களா? இரண்டாவது கேள்வியை விட்டுவிடவே கூடாது. ஒரே ஊசியில், ஒரே நேரத்தில் எடுத்த குளுக்கோஸ் இல்லாத சி-பெப்டைட் ரிப்போர்ட்டைப் பாதிக் காகிதம் என்றுதான் சொல்வேன்.

எதை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது

இன்சுலினை, முக்கியமாக நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை, பரிசோதனைக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். "உண்மையான அளவு தெரியட்டும்" என்று முந்தின நாள் ஊசியை விட்டுவிடுவது டைப் 1 உள்ளவருக்கு, இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும் கீட்டோ அசிடோசிஸ் என்னும் அவசர நிலையைக் கொண்டுவரலாம். நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமே சி-பெப்டைடில் இல்லை. ஊசி இன்சுலினை அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்பதுதானே அதன் சிறப்பு. கலப்பு உணவுப் பரிசோதனையில்கூட அடிப்படை இன்சுலின் வழக்கம்போலத் தொடரும். சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினைப் பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் முன்னால் நிறுத்துவது, முடிந்ததும் எப்போது போடுவது என்று மையத்தில் சொல்வார்கள். அன்றைக்கு இன்சுலின், குளுக்கோமீட்டர், சாப்பிட ஏதாவது ஒன்று ஆகியவை கையில் இருக்கட்டும்.

மாத்திரைகளின் கதை வேறு. கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளைபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் பீட்டா செல்லைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இவற்றோடு அளந்தால் சி-பெப்டைட் கூடுதலாகத் தெரியும். தவிர, வெறும் வயிற்றில் இவற்றைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பரிசோதனை முடிந்து, சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஜிஎல்பி-1 வகை ஊசிகளும் சுரப்பைக் கூட்டும். வாரம் ஒருமுறை போடும் ஊசியின் விளைவு ஒரு நாள் தள்ளிப்போடுவதால் போய்விடாது. ஆகவே போடுகிறோம் என்ற தகவல் மருத்துவருக்குத் தெரிந்திருப்பதே முக்கியம். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு, உடலை இன்சுலினுக்கு மசியவிடாமல் செய்து கணையத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும்.

யாரும் யோசிக்காத ஒன்று, முடிக்கும் நகத்துக்கும் என்று வாங்கும் பயோட்டின் மாத்திரை. ஒரு நாளைக்கு உடலுக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. சி-பெப்டைட், இன்சுலின், தைராய்டு போன்றவற்றை அளக்கும் கருவிகளில் சில, பயோட்டினைப் பயன்படுத்தியே வேலை செய்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால், உண்மையில் நன்றாக உள்ள சி-பெப்டைட் குறைவாகத் தெரியக்கூடும். இந்தக் குழப்பம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரிக்கை விட்டது. இரண்டு மூன்று நாட்கள் முன்பே நிறுத்துவது வழக்கம். மருத்துவர் வேறு நோய்க்காக அதிக அளவில் கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

பரிசோதனை நாளில் காலையில் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விட்டால் என்ன செய்வது? உடனே சர்க்கரை சாப்பிடுங்கள். சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது ஆரோக்கியமான கணையமும் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அந்த நேரத்தில் எடுத்தாலும் வரும் எண்ணுக்குப் பயன் குறைவு.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

அலகைப் பாருங்கள். சில லேப்கள் ஒரு மி.லி.க்கு எத்தனை நானோகிராம் என்றும், சில ஒரு லிட்டருக்கு எத்தனை பிக்கோமோல் என்றும் போடும். முதல் எண்ணை 331-ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். 1 நானோகிராம் என்றால் 331 பிக்கோமோல். வெறும் வயிற்றில் பல லேப்கள் குறிக்கும் இயல்பு எல்லை ஏறக்குறைய 0.8 முதல் 3 நானோகிராம் வரை. லேபுக்கு லேப் மாறும், எனவே உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பாருங்கள்.

ஆனால் அந்த எல்லை ஆரோக்கியமானவர்களுக்கு வகுத்தது. "இயல்பு எல்லைக்குள் இருக்கிறதே, அப்போது கணையம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு கட்டுவது தவறு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு சி-பெப்டைட் 0.9, அதே நேரத்தில் குளுக்கோஸ் 85. சாதாரணம். இன்னொருவருக்கும் அதே 0.9, ஆனால் குளுக்கோஸ் 260. சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கும்போது ஆரோக்கியமான கணையம் பல மடங்கு சுரந்து தள்ளியிருக்க வேண்டும். இவருடைய கணையம் அசையவில்லை. தாளில் இரண்டுமே இயல்பு என்றுதான் இருக்கும். சர்க்கரையை வைத்துப் படித்தால் இரண்டாமவருக்கு இன்சுலின் பற்றாக்குறை பளிச்சென்று தெரிகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. குளுக்கோஸ் 180, சி-பெப்டைட் 4.5 என்றால் கணையம் மாடாய் உழைக்கிறது, உடல் கேட்க மறுக்கிறது. டைப் 2-ன் தொடக்கக் காலத்தில் இப்படித்தான் இருக்கும்.

ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர்களில் டைப் 1-ஆ, டைப் 2-ஆ என்று பிரிக்க, நான் மேலே சொன்ன 2021 அறிக்கை தரும் எல்லைகள் இவை. சாப்பிட்ட பின் எடுத்த மாதிரியில் 200 பிக்கோமோலுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 0.6 நானோகிராமுக்குக் கீழே என்றால் டைப் 1. 600 பிக்கோமோலுக்கு மேலே, ஏறக்குறைய 1.8 நானோகிராமுக்கு மேலே என்றால் பெரும்பாலும் டைப் 2. நடுவில் இருப்பது தெளிவற்ற பகுதி. அங்கே வந்தால் அவசரப்பட்டு எந்த முத்திரையும் குத்தாமல், சிறிது காலம் கழித்துத் திரும்பவும் பார்ப்பதே முறை. 600-க்குக் கீழே வந்து, அப்போது சர்க்கரை 70-க்குக் கீழே இருந்திருந்தாலோ சாப்பிடாமல் போயிருந்தாலோ மீண்டும் எடுக்க வேண்டும். 80 பிக்கோமோலுக்கும் கீழே என்றால் திரும்ப எடுக்க அவசியமில்லை.

கவனித்தீர்களா? இந்த எல்லைகள் சாப்பிட்டவர்களுக்கானவை. வெறும் வயிற்றில் எடுத்த எண்ணை இவற்றோடு ஒப்பிட்டால், டைப் 2 உள்ள ஒருவரைத் தேவையில்லாமல் நடுப் பகுதிக்குத் தள்ளிவிடலாம். இணையத்தில் அட்டவணையைப் பார்த்துத் தானாகவே முடிவெடுப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

குறைவு என்று வந்தால் சிகிச்சையில் உடனடியாக மாறுவது பாதுகாப்பு விஷயம். இன்சுலின் ஊசியைத் தவிர்க்க முடியாது என்பது உறுதியாகிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி-2 வகை மாத்திரைகள் இத்தகையவர்களுக்குக் கீட்டோ அசிடோசிஸ் ஆபத்தைக் கூட்டும் என்பதால் மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் கூடும் வகை ஆபத்து அது. குமட்டல், வாந்தி, மூச்சு வாங்குவது என்று வந்தால் குளுக்கோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொஞ்சம் சுரந்தாலும் அது வீண் இல்லை. 1983 முதல் 1993 வரை வட அமெரிக்காவில் டைப் 1 உள்ள 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வில், தூண்டிய பின் 200 பிக்கோமோல் அளவாவது சி-பெப்டைட் மிச்சமிருந்தவர்களுக்குச் சர்க்கரை கடுமையாக இறங்கிப்போவதும் விழித்திரைப் பாதிப்பும் குறைவாக இருந்தன. பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் மையம், டைப் 1 வந்து 50 ஆண்டுகள் கடந்தவர்களை ஆராய்ந்தபோது, கணிசமானவர்களின் ரத்தத்தில் சி-பெப்டைட் துளியளவாவது இருப்பதைக் கண்டது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "எல்லாம் முடிந்துபோய்விட்டது" என்று உட்கார்ந்திருப்பவருக்கு இந்த உண்மையை யாராவது சொல்ல வேண்டும்.

ஏமாற்றும் நேரங்கள்

சர்க்கரை நெடுநாள் மிக அதிகமாக இருந்தால் பீட்டா செல்கள் மயங்கிப்போய்ச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். அவை சாகவில்லை, சோர்ந்திருக்கின்றன. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைச் சில வாரம் அடக்கினால் திரும்பவும் வேலை செய்யத் தொடங்கும். ஆகவே கீட்டோ அசிடோசிஸ் போன்ற அவசர நிலையில் மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போது எடுக்கும் சி-பெப்டைட் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அதிலிருந்து மீண்டு குறைந்தது இரண்டு வாரம் ஆன பிறகே எடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. டைப் 1 வந்த புதிதில், சிகிச்சை தொடங்கியதும் சிலருக்குக் கணையம் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும், ஓரளவு தேறியிருக்கும். தேனிலவுக் காலம் என்று இதைச் சொல்வார்கள். அப்போது சி-பெப்டைட் நல்ல அளவிலேயே வரும். அதைப் பார்த்து டைப் 2 என்று முடிவு கட்டி இன்சுலினை நிறுத்தினால் பின்னால் ஆபத்து. நோய் வந்து 3 ஆண்டுகள் கடந்த பிறகுதான் சி-பெப்டைட் வகையைத் தெளிவாகப் பிரிக்கும். அதற்கு முன் என்றால் ஆன்டிபாடி பரிசோதனைதான் கூடுதலாகக் கைகொடுக்கும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மூன்றாவது வகைக் குழப்பம். சி-பெப்டைடை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு இருப்பதால், அது மந்தமானால் ரத்தத்தில் தேங்கி அளவு கூடிவிடும். கணையம் நன்றாகச் சுரக்கிறது என்று தப்பாகத் தோன்றும். ரிப்போர்ட்டைப் படிக்கும் மருத்துவரின் முன்னால் அண்மையில் எடுத்த கிரியாட்டினின் அளவும் இருக்கட்டும்.

காய்ச்சல், தொற்று, அறுவை சிகிச்சை என்று உடல் அலைக்கழிந்திருக்கும் நேரத்திலும் எடுக்காமல் இருப்பது நல்லது.

சர்க்கரை காரணமின்றி இறங்கிப்போகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். குளுக்கோஸ் 55-க்குக் கீழே இருக்கும்போதும் இன்சுலினும் சி-பெப்டைடும் அடங்காமல் இருந்தால், கணையத்தில் இன்சுலினோமா என்ற கட்டியோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ காரணமாக இருக்கலாம். இன்சுலின் அதிகம், சி-பெப்டைட் மிகக் குறைவு என்றால் அந்த இன்சுலின் வெளியிலிருந்து ஊசியாக வந்தது.

வெறும் வயிற்று இன்சுலினையும் ஹோமா-ஐஆர் கணக்கையும் பற்றி ஒரு வார்த்தை. இன்சுலினுக்கு உடல் எவ்வளவு மசியவில்லை என்று மதிப்பிட 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான கணக்கு இது. வெறும் வயிற்று இன்சுலினையும் குளுக்கோஸையும் பெருக்கி 405-ஆல் வகுப்பார்கள். ஒரு கூட்டத்தாரை இன்னொரு கூட்டத்தாரோடு ஒப்பிடும் ஆராய்ச்சிகளுக்கு நல்ல கருவி. தனிமனிதருக்கு அதில் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். இன்சுலின் அளவீடு லேபுக்கு லேப் மாறுகிறது, எல்லோரும் ஒத்துக்கொண்ட வெட்டு எல்லை இல்லை, ஊசி போடுபவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

ஆன்டிபாடியும் மரபணுவும்

சி-பெப்டைடோடு சேர்த்து ஜிஏடி ஆன்டிபாடியையும் எழுதிக்கொடுத்தால் அது வீண் செலவு என்று நினைக்காதீர்கள். கணையம் எவ்வளவு சுரக்கிறது என்பதை முதலாவது சொல்கிறது. குறைந்திருந்தால் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்கியதா என்பதை இரண்டாவது சொல்கிறது. ஜிஏடி இல்லை என்று வந்தால் ஐஏ-2, இசட்என்டி8 என்ற வேறு ஆன்டிபாடிகளைப் பார்ப்பார்கள். இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடியை மட்டும் ஊசி தொடங்கி இரண்டு வாரம் ஆன பிறகு பார்ப்பதில் பொருளில்லை, ஊசியே அதை உருவாக்கிவிடும். பெரிய வயதில் டைப் 1 வந்தவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு எந்த ஆன்டிபாடியும் தென்படுவதில்லை. ஆன்டிபாடி இல்லாமல் சி-பெப்டைடும் குறைவு என்றால் நாள்பட்ட கணைய அழற்சி போன்ற காரணங்களையும் தேட வேண்டும்.

மிகவும் மனநிறைவு தரும் முடிவு ஒன்று உண்டு. டைப் 1 என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுவரும் ஒருவருக்கு, 3 ஆண்டுகள் கடந்தும் சி-பெப்டைட் நல்ல அளவில் வருகிறது, ஆன்டிபாடி எதுவும் இல்லை, அப்பா அம்மாவில் ஒருவருக்கும் இளவயதிலேயே சர்க்கரை நோய். இது ஒற்றை மரபணு மாற்றத்தால் வரும் வகையாக இருக்கலாம். மரபணுப் பரிசோதனையில் எச்என்எஃப்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் உறுதியானால், குறைந்த அளவு சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு உடல் நன்றாக ஒத்துழைக்கும். பலரால் ஊசியை விட முடிந்திருக்கிறது. ஜிசிகே என்ற மரபணுவில் மாற்றம் என்றால் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. பிறந்து 6 மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்கு சி-பெப்டைட் என்னவாக இருந்தாலும் மரபணுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினருக்கும் ஊசிக்குப் பதில் மாத்திரை போதும்.

அப்படி மாறுவதாக இருந்தாலும், நல்ல எண் வந்தது என்று வீட்டிலேயே ஊசியை நிறுத்துவது வேறு, மருத்துவரின் கண்காணிப்பில் அளவைக் குறைத்துக்கொண்டே போய், தினமும் சர்க்கரையும் தேவைப்பட்டால் கீட்டோனும் பார்த்து மாறுவது வேறு. எண் நடுப் பகுதியில் வந்து மீண்டும் எடுக்கச் சொன்னால், முடிந்தவரை அதே லேபில், போன முறை எடுத்த அதே விதத்தில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டில் எந்த நேரம் எடுத்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, அன்றைய குளுக்கோஸ் எவ்வளவு, அப்போது என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்பதைக் கையாலேயே எழுதிவைத்து, பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள்.